வெள்ளிக்கிழமை கழுவிய கதவு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அடுப்பில் பால் இருந்தால் வாசலில் நிற்பேன், வாசலில் ஆள் வந்தால் அடுப்பங்கரையில் இருப்பேன். "ஏம்புள்ள, காலுல சக்கரம் கட்டியிருக்கறயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டுச் சிரிப்பார். ஓடியிருக்க வேண்டிய பத்து நாட்கள் அந்தச் சக்கரம் அசையாமல் நின்றுவிட்டது. அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். மைசூரில் சந்தேபேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு, பேட்டையில் அவருக்குப் புளி மண்டி. அவர் ஹனூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கமெல்லாம் அப்போது வெள்ளைக்காரன் சர்க்காரில், கோயமுத்தூர் ஜில்லாவோடு இருந்தது. இங்கே மகாராஜா ராஜ்யம். மாசி பிறந்தால் ஊருக்குப் போய்ப் புளியும் சீயக்காயும் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு வருவார்.

நான் மைசூரிலேயே பிறந்தவள். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா என்னை எட்டாவது வரை கன்னடப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். என் வீட்டுக்காரருக்கோ தமிழ் மட்டும்தான், அதுவும் கணக்கு எழுதுகிற அளவுக்கு. சர்க்கார் காகிதம் எது வந்தாலும் சட்டைப் பையில் மடித்துக் கொண்டு வந்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் என் முன்னால் நீட்டுவார். "என்ன எழுதியிருக்குது, பாத்துச் சொல்லு" என்பார். நான் படித்துச் சொல்வேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசியது பெரும்பாலும் அந்தக் காகிதங்களை வைத்துத்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. சந்தில் வேறு எந்த வீட்டிலும் புருஷன் பெண்டாட்டியிடம் காகிதம் நீட்டுவதில்லை.

வருமான வரி ஆபீசிலிருந்து அந்த வருஷம் இரண்டு காகிதம் வந்தது. கணக்குப் புத்தகங்களோடு வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். சண்டையால் புளி விலை ஏறியிருந்ததில் அவர்கள் கண் மண்டிகள் மேல் விழுந்திருந்தது. "ஊர்ல நெலத்துக்கும் மரத்துக்கும் அந்த சர்க்காருக்கு வரி கட்டியாச்சு. ஒரே புளிக்கு ரண்டு சர்க்காரா?" என்று அவர் இரண்டையும் பழைய காகிதங்களோடு கம்பியில் குத்திவிட்டார். மரம் வேறு, வியாபாரம் வேறு என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சீசன் முடியட்டும், நேர்ல போய்ச் சொல்லிப்போடறேன்" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் ஊரில் இருந்தபோதுதான் அது வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நானும், எங்களோடு இருந்த நாத்தனாரும் கோயிலுக்குப் போய்த் திரும்பினோம். பின்வாசல் வழியாக வந்ததால் முன்கதவைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கதவு கழுவ வாளியோடு போனபோது, கதவின் நெற்றியில் முழுக் காகிதம் ஒட்டியிருந்தது. கோந்து இன்னும் முழுக்கக் காயவில்லை; நாங்கள் கோயிலில் இருந்தபோது ஒட்டியிருப்பார்கள். நின்றபடியே படித்தேன். இரண்டு முறை எழுதியும் கணக்குக் காட்டவில்லை, வருகிற திங்கள் போய் அடுத்த திங்களுக்குள் கொண்டுவராவிட்டால் அதிகாரி தாமே வருமானத்தை மதிப்பிட்டு வரி போடுவார் என்று இருந்தது. அடியில் முத்திரை.

அன்றைக்குக் காலை வண்டியில் சாமராஜநகரிலிருந்து நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். தாம் ஊரில் இருந்தாலும் நாளைத் தள்ள வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தாய் தகப்பன் இல்லாத பெண். அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, பார்த்து, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். வருகிறவர்களும் மளிகை வியாபாரிகள். அந்தக் காகிதத்தின் அர்த்தம் அவர்களுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கதவு கழுவி, நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் வழக்கப்படி செய்தேன். தண்ணீரை வீசி அடித்தேன், தேங்காய் நாரால் தேய்த்தேன். காகிதம் நார் நாராக வந்தது. முத்திரை இருந்த துண்டு மட்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் சுரண்டினேன். எல்லாவற்றையும் உருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஈரத்தில் எரியாமல் வெகுநேரம் புகைந்தது. பிறகு மஞ்சள் பூசினேன். கதவு அன்றைக்கு அழகாகவே இருந்தது.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

புதன்கிழமை அவர் ஊரிலிருந்து வந்தார். கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருக்கு ஒன்றையும் ஒளிக்கத் தெரியாது. புளியில் கொட்டை கிடந்தால், வாங்க வருகிறவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் விலையே சொல்வார். நான் நோட்டீசைச் சொன்னால் அடுத்த ரயிலில் சாமராஜநகருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் இன்ன மாதிரி வரித் தகராறு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கணக்குப் புத்தகத்தையே தொடுவார். உப்புச் சர்க்கரை மாற்றுவதற்குக் கெடு போன மறுநாளுக்கு மறுநாள் குறித்திருந்தது. அது மாற்றிவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு உறுதி, இரண்டு தரப்பும் பின்வாங்குவதில்லை. இரண்டே நாள்தானே, சர்க்கார் என்ன ரயில் வண்டியா, நேரம் தப்பினால் போய்விடுவதற்கு என்று என்னையே நான் சமாதானம் செய்துகொண்டேன். உப்புச் சர்க்கரை மாற்றி முடிந்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்றேன். நாளைக்கு வந்ததும் அடுத்த நாளைக்கு என்றேன்.

அதற்குப் பிறகு காக்கிச் சட்டை போட்ட யார் சந்தில் திரும்பினாலும் அடுப்பங்கரைக்கு ஓடினேன். தபால்காரரைப் பார்த்து ஒரு தடவை கதவை மூடிக்கொண்டேன். குடத்தை வைத்த இடம் மறந்து வீடெல்லாம் தேடினேன். "அண்ணி, அது உங்க இடுப்புலதான இருக்குது" என்றாள் நாத்தனார்.

ஒரு மாதம் போல் கழித்து உத்தரவு மண்டிக்கே வந்தது. அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் முன்னால் நீட்டினார். மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டிருந்த தொகையைச் சொன்னபோது அவர் நம்பவில்லை, மறுபடி படிக்கச் சொன்னார். வீட்டையும் மண்டியையும் விற்றாலும் துண்டு விழும். கட்டாவிட்டால் ஜப்தி. அதில், 'கதவில் ஒட்டியும் வராததால்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நான் தாண்டிவிட்டேன். ஏழு வருஷத்தில் அவருக்கு ஒரு எழுத்தைக்கூட விட்டுப் படித்ததில்லை.

மறுநாள் அவர் அக்ரஹாரத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார், வீட்டில் தமிழ் பேசுகிறவர், வரி வழக்குகளில் பேர் போனவர். திரும்பி வந்தவர் முகம் சிவந்திருந்தது.

"கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்களாமா. உத்தரவுல அப்படித்தான் எழுதியிருக்குதாம். நீ படிக்கறப்ப சொல்லலியே?"

"கண்ணுல படலைங்க" என்றேன்.

"நம்ம கதவுல யாரு ஒட்டுனாங்க? நோட்டீஸ் வரவே இல்லைன்னு எழுதிக் கொடுத்தா மறுபடி கணக்கைப் பாப்பாங்களாமா. முப்பது நாளுக்குள்ள கொடுக்கோணும். நான் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன்னு சொல்லிப்போட்டேன்."

வரி ஆபீஸ் சேவகன் ஒட்டியதற்கு இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து இருக்கிறதாம் என்றும், அதில் ஒருவர் எதிர்வீட்டுப் பொரிக்கடைக்காரர் என்றும், அந்த ஆளைப் பேட்டையில் வைத்துக் கேட்கப் போவதாகவும் சொன்னார். பொரிக்கடைக்காரர் உண்மையைத்தான் சொல்வார். என் புருஷன் சத்தியமே செய்வார். ஊர் முன்னால் பொய்யர் ஆகப்போகிறவர் வாழ்க்கையில் பொய்யே சொல்லாத மனுஷன்.

மறுநாள் அவர் மண்டிக்குப் போனதும் ஜட்கா பிடித்து அக்ரஹாரம் போனேன். வக்கீல் வீட்டு முன்னறையில் கட்சிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான். உட்கார முடியாமல் சுவரோரம் நின்று நின்று காலை மாற்றினேன். என் முறை வந்ததும், யாருடைய வீட்டுக்காரி என்று சொல்லிவிட்டு, "நோட்டீஸ் கதவுல இருந்துச்சுங்க சாமி. நான்தான் கழுவிட்டேன்" என்றேன்.

வக்கீல் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமைங்க. வாராவாரம் கழுவறதுதான்."

"வெள்ளிக்கிழமை. சரி. எங்காத்திலயும் அலம்பறதுண்டு." அவர் முகம் தெளிந்தது. "உங்க ஆத்துக்காரர் ஊர்ல இல்லை?"

"இல்லீங்க. புளிக்குப் போயிருந்தாரு."

"அவருக்கு இது தெரியாது?"

"இன்னி வரைக்கும் தெரியாதுங்க."

"அப்போ அவர் வராததுக்கு நியாயமான காரணம் இருக்கு. நோட்டீஸே ஒட்டலைன்னு சொல்லிண்டு போறதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நீங்க வாக்குமூலம் கொடுங்கோ, நான் பாத்துக்கறேன்."

நான் சொன்னது அத்தனையும் நிஜம். படித்தேனா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய குமாஸ்தா ஜன்னலோரம் உட்கார்ந்து கன்னடத்தில் எழுதத் தொடங்கினார். என் பேர், வயசு, வீடு கேட்டார். அடுத்ததாக அவர் என்னைக் கேட்காமல், தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதியதை நான் தலைகீழாகவே படித்தேன். 'எழுதப் படிக்கத் தெரியாதவள்.' மண்டிக்காரன் பெண்டாட்டிக்கு வழக்கமாக எழுதுவதை எழுதினார், அவ்வளவுதான்.

தப்பு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அந்தச் சொல் நின்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் குறை சொல்ல முடியாது, எழுத்தறியாத பெண் வழக்கப்படி கதவு கழுவினாள் என்று போய்விடும். அது போனால், தெரிந்தே சர்க்கார் காகிதத்தை அழித்து, தெரிந்தே அவர்களை ஏமாற்றிப் பெண் கொடுத்தவள் ஆவேன். வீடும் மிஞ்சாது, கல்யாணமும் மிஞ்சாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எழுதி முடித்ததை வக்கீல் மேஜைமேல் விரித்து, எனக்குப் புரிவதற்காக வரி வரியாகத் தமிழில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண் சும்மா இருக்கவில்லை. அவர் சொல்வதற்கு முன்னாலேயே அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவர் நடுவில் நிறுத்திவிட்டு என் கண்ணையே பார்த்தார். பிறகு காகிதத்தை மெல்லத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார்.

"ஆத்துல சொல்லிடுங்கோ. அதிகாரி முன்னால அவரும் நிக்கணும்" என்றார்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது சொன்னேன். கதவில் காகிதம் இருந்ததையும் நான் கழுவியதையும் சொன்னேன். அவர் கை தட்டில் நின்றது.

"நீ படிச்சயா?"

"படிச்சேன்."

"அன்னிக்கு அந்த உத்தரவு?"

"அதையும்தான். அந்த வரியைப் படிக்காம விட்டுட்டேன்."

ஏசியிருக்கலாம். தட்டை வீசியிருக்கலாம், நான் பொறுத்திருப்பேன். கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். அன்று நான் அழுதது வீடு போய்விடுமே என்று அல்ல. நான் படித்துச் சொன்ன மற்ற காகிதங்களையெல்லாம் அவர் மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவார் என்று நினைத்துத்தான் அழுதேன்.

அதிகாரியின் அறைக்குப் போன நாளில் நாங்கள் இருவரும் ஒரே ஜட்காவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி போனோம். அதிகாரி கண்டிப்பான மனிதர், ஆனால் மரியாதையாகப் பேசினார். வக்கீல் என் வாக்குமூலத்தைப் படித்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். சேவகன் ஒட்டியதைச் சொன்னான். பொரிக்கடைக்காரரும் வந்து, ஒட்டியதைப் பார்த்தேன், மறுநாள் இந்தம்மா கதவு கழுவியதையும் பார்த்தேன் என்றார். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"ஓதோக்கே பரெயோக்கே பருத்தாம்மா?"

படிக்க எழுத வருமா என்றுதான் கேட்கிறார். வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று சின்ன வயசில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வருகிறது என்று சொல்லிவிடுவேன் என்றே தோன்றியது. அந்த அறையை விட்டு ஓட வேண்டும்போல் கால் துடித்தது. அப்போது பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது, அவருடைய உடைந்த கன்னடத்தில்.

"அவளிகே ஏனூ பரல்ல சுவாமி."

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று. அவர் தலை குனிந்திருந்தது. எந்தப் பொய்ச் சத்தியத்திலிருந்து அவரைக் காப்பாற்ற நான் தனியாக வக்கீல் வீட்டுக்கு ஓடினேனோ, அதைவிடப் பெரிய பொய்யை, தெரிந்தே, எனக்காக அவர் சொல்லிவிட்டார். வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைத் திண்டை என் பக்கம் தள்ளினார்கள். வாக்குமூலத்தின் அடியில் பெருவிரலை அழுத்தினேன். துடைத்துக்கொள்ள ஒரு துணித்துண்டு கொடுத்தார்கள். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பழைய உத்தரவை ரத்து செய்தார்கள். கணக்கைப் புதிதாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். தமிழ்க் கணக்கைக் கன்னடத்தில் எழுத வேண்டியிருந்ததால் வக்கீலின் குமாஸ்தா பத்து நாள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து எழுதினார். நான் மோர் கொண்டுபோய் வைக்கும்போது பார்ப்பேன். எத்தனை தப்பு. ஒரு மாதத்தில் நாலு வண்டி புளியை நாற்பது வண்டி ஆக்கியிருந்தார். அத்தனை வண்டி வந்திருந்தால் சந்தே அடைத்திருக்கும். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் பொறுக்க முடியாமல், "அந்த மாசி மாசம் நாலு வண்டிதான் வந்துச்சுங்க. கொட்டை எடுத்தவ நானு, விரலெல்லாம் வெடிச்சுப்போச்சு, அதனால நினைவிருக்கு" என்று பொதுவாகக் கதவைப் பார்த்துச் சொன்னேன். குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டினார். "ஆமாம்மா, நாலுதான். நல்ல ஞாபகம் உங்களுக்கு" என்று மெச்சினார். என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரி நியாயமாகவே வந்தது. நாலு தவணையில் கட்டச் சொன்னார்கள். ஆவணியில் நாத்தனார் கல்யாணமாகிச் சாமராஜநகர் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் என்னோடு பேசாமல் இல்லை. சோறு கேட்டார், வெந்நீர் கேட்டார், காலில் சக்கரமா என்றுகூட ஒருநாள் கேட்டார். ஆனால் காகிதம் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. பேட்டையில் யாரோ ஒரு எழுத்தரிடம் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார் என்று பிறகு தெரிந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் கை சட்டைப் பைக்குப் போகும். நான் அடுப்பங்கரையிலிருந்து பார்ப்பேன். அவர் வெற்றிலைப் பையை எடுப்பார். சந்தில் யார் வீட்டுக்காவது கடுதாசு வந்து என்னிடம் கொண்டுவந்தாலும், "எனக்கு என்ன தெரியும், பொரிக்கடைக்காரர்கிட்டப் போங்க" என்று அனுப்பினேன். பொட்டலம் கட்டி வந்த பழைய பத்திரிகையைப் பிரித்தால்கூட, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கண்ணை ஓட்டினேன். சீக்கிரமே அதுவும் அலுத்துப்போனது.

ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று. நாலாவது தவணை கட்டிய அன்று அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார், கை கழுவினார். நான் தட்டை எடுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்குது, பாத்துச் சொல்லு."

ஆபீசில் அவருக்கு ஏற்கெனவே சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், பாக்கி எதுவும் இல்லை என்று. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். எதிரே பொரிக்கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து வறுத்துக்கொண்டிருந்தார். நான் போய் அந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், ஒன்றைக்கூட விடாமல், மெல்லிய குரலில் படித்தேன்.